ஹாலில் படுக்கிற பொண்ணு

நர்ஸக்காவின் செருப்புகளையெல்லாம் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டு, தன் ஒற்றை ஜோடியைக் கதவோரமாக வைத்துப் பார்த்தாள் புதுசு. ஒரு அறையைத் தன்னுடையதாக்கிக்கொள்ள ஒரு ஜோடிச் செருப்பு போதாது என்று தெரிந்தது. மேசை மேல் பாடப்புத்தகங்களை அடுக்கினாள். அடுக்கிய அழகில் கடை மாதிரி இருந்தது. ஒன்றை எடுத்துத் திறந்து கவிழ்த்து வைத்தாள். இப்போது, யாரோ வரப்போகிறார்கள் என்பதற்காகத் திறந்து கவிழ்த்து வைத்த புத்தகம் மாதிரி இருந்தது.

"படிக்கிற மாதிரி வைக்காதடி. படிச்சு வெறுத்துப்போன மாதிரி வை. அப்பதான் நம்புவாங்க," என்றாள் வாசலில் டீயோடு நின்ற மைக்.

மைக் அடுத்த அறைக்காரி. அவள் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் எதிர்க் கட்டடம் வரை போகும் என்பதால் அந்தப் பெயர். அவளோடு அறையைப் பகிர்ந்துகொள்பவள் நிதானம். அவளிடம் ஒன்றைக் கேட்டுவிட்டு வகுப்புக்குப் போய் வந்தால் பதில் தயாராக இருக்கும். மூன்றாவது ஆள் நர்ஸக்கா. ஆஸ்பத்திரியில் இரவு டியூட்டி, வீட்டில் எல்லோருக்கும் மூத்தவள், தனி அறை அவளுக்கு மட்டும்தான். கடைசியாக வந்து சேர்கிறவளுக்குப் புதுசு என்று பெயர். அடுத்தவள் வரும்வரை அந்தப் பெயர் போகாது. நிதானமும் ஒரு காலத்தில் புதுசாக இருந்தவள்தான். இவள் பெட்டியோடு வாசலில் வந்து நின்றபோது, அந்த வீட்டிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டது அவள்.

புதுசுக்கு அறை கிடையாது. ஹாலில், துணி அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே ஒரு மெத்தை, குறுக்கே கயிறு கட்டித் தொங்கவிட்ட ஒரு திரை. அதுதான் அவளுடைய இடம். திரைக்கு இந்தப் பக்கம் சாப்பாட்டு மேசை இருந்ததால், காலையில் யாராவது ரொட்டியைக் கடிக்கும் சத்தம் அவள் தலைமாட்டில் கேட்கும். கடிக்கிற வேகத்தை வைத்தே யார் என்று சொல்லிவிடுவாள். பல்கலைக்கழக விடுதியில் இடம் உண்டு என்று முதலில் சொல்லியிருந்தார்கள். விமானம் ஏறி இறங்குவதற்குள் அது 'வரிசையில் இருக்கிறீர்கள்' என்று ஆகிவிட்டது. இத்தனை பெரிய நகரத்தில் எதற்குத்தான் வரிசை இல்லை என்று இப்போது அவளுக்குப் பழகிவிட்டது. பஸ்ஸுக்கு வரிசை, காப்பிக்கு வரிசை, வரிசை எது என்று விசாரிக்க ஒரு வரிசை.

மற்றவற்றையும் ஒருவழியாகக் கற்றுக்கொண்டிருந்தாள். நகரும் படிக்கட்டில் எந்தப் பக்கம் நின்றால் பின்னால் வருகிறவர் பெருமூச்சு விடமாட்டார், எந்தக் குப்பை எந்த நிறத் தொட்டிக்குப் போகும், எண்ணெய் காய்வதற்குள் புகை எச்சரிக்கை மணிக்குக் குளியல் தொப்பியை எப்படி மாட்டுவது, எல்லாம். பேராசிரியர் அவள் பெயரைச் சொல்லும் முன் குளத்தில் குதிக்கப்போகிறவர் போல ஒரு மூச்சு இழுப்பார். அந்த மூச்சைக் கேட்டதுமே "ஆஜர்" என்று கையைத் தூக்கி அவரைக் காப்பாற்றிவிடுவாள். தெரியாத தெருவில் திசை தப்பினால் தப்பாத மாதிரியே நடந்துபோய், ஒரு கடைக்குள் நுழைந்து, எதையோ விலை கேட்டுவிட்டு, வந்த வழியே திரும்புவாள். ஊரைக் கரைத்துக் குடித்துவிட்டதாக நினைப்பு. ஆனால் வீட்டாருக்கு அவள் காட்டிய அறையை மட்டும் இன்னும் கரையேற்ற முடியவில்லை.

அவள் அப்பா ஒரு லாட்ஜின் மேனேஜர். ஆட்களின் பெயரை அவர் நினைவில் வைத்துக்கொள்வதில்லை. அறை எண்தான் கணக்கு. "ஆறாம் நம்பருக்கு ஜுரம்", "நாலாம் நம்பர் நேத்து பொண்டாட்டியோட சண்டை" என்று வீட்டில் சாப்பிடும்போது சொல்வார். உலகத்தில் உள்ள அறைகள் அவரைப் பொறுத்தவரை இரண்டே வகை: தாழ்ப்பாள் சரியாக விழுகிற அறை, விழாத அறை. விழாத அறையில் என்னென்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அதை அவர் வீட்டில் சொன்னதில்லை. மகள் வெளிநாட்டில் படிக்க இடம் கிடைத்துவிட்டது என்று வந்து நின்றபோது, எந்தப் படிப்பு, என்ன வேலை கிடைக்கும் என்றெல்லாம் அவர் கேட்கவில்லை.

"தனி ரூம். உள்ளேர்ந்து தாழ்ப்பாள். இது ரெண்டும் இருந்தா போ. ஹால்ல கீல்ல படுக்கிற பொழப்புன்னா அந்தப் படிப்பே வேணாம். அடுத்த பிளேன்ல ஏறி வந்துடணும்."

"அவ என்ன உங்க லாட்ஜுக்கா வர்றா? யுனிவர்சிட்டிக்குப் போறா," என்றாள் அம்மா.

"எங்க போனாலும் ராத்திரியானா படுக்கத்தானே வேணும்?" என்றார் அப்பா. அம்மா அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள். தங்கை மட்டும் பின்னாலேயே வந்து முதுகில் குத்தினாள். "அக்கா, நீ சொதப்பினா அடுத்து என் கதையும் முடிஞ்சுது. ஞாபகம் வெச்சுக்கோ."

வந்த அன்று ஹாலில் ஒரே இரைச்சலாக இருந்ததால், வீட்டுக்குப் பேச நர்ஸக்கா தன் அறையைக் கொடுத்தாள். அப்பா வீடியோவில் அறையைச் சுற்றிக் காட்டச் சொன்னார். காட்டினாள். ஜன்னலைச் சாத்தச் சொன்னார். சாத்தினாள். தாழ்ப்பாளை இரண்டு தடவை போட்டு எடுக்கச் சொன்னார். போட்டு எடுத்தாள். "ம்," என்றார் அப்பா. அவரிடம் 'ம்' வாங்குவதற்கு லாட்ஜில் ஆட்கள் வருஷக்கணக்காக வேலை பார்க்க வேண்டும். 'இது யார் ரூம்?' என்று அவர் கேட்கவே இல்லை. எனவே இதைப் பொய் என்று சொல்ல முடியாது, பொய் சொல்ல வாயைத் திறந்திருக்க வேண்டும் என்று தனக்குத்தானே தீர்ப்பு எழுதிக்கொண்டாள் புதுசு. அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அந்த அறையில் உட்கார்ந்து, வாயை அந்தப் பக்கம் மட்டும் திறக்காமல், மற்ற எல்லாவற்றையும் பேசினாள்.

இப்போது பன்னெண்டாம் நம்பர் வருகிறார்.

லாட்ஜின் நிரந்தர வாடிக்கையாளர் அவர். இயந்திர உதிரிப்பாக வியாபாரி. எப்போது வந்தாலும் பன்னிரண்டாம் அறையைத்தான் கேட்பார். அவர்கள் வீட்டு விசேஷங்களுக்கெல்லாம் வந்து, புதுசுக்கும் தங்கைக்கும் பன்னெண்டாம் நம்பர் மாமா ஆகிவிட்டவர். இந்த நகரத்தில் ஏதோ கண்காட்சிக்கு வந்திருந்தார். "அப்படியே உன்னை நேர்ல பாத்துட்டு வரச்சொல்லியிருக்கேன்," என்றார் அப்பா. உன்னை என்றால் தாழ்ப்பாளை என்று அர்த்தம்.

நர்ஸக்கா சிரித்துக்கொண்டேதான் சாவியைக் கொடுத்தாள். அன்று அவளுக்கு இரட்டை டியூட்டி. மதியம்தான் வருவாள். மாமா காலையில் வந்து ஒரு டீ குடித்துவிட்டுப் போய்விடுவார். திட்டத்தில் ஓட்டையே இல்லை என்றாள் மைக், எதிர்க் கட்டடத்துக்கும் சேர்த்து.

மாமா ரயில் மாறி ஏறி, ஊர் எல்லை வரை போய்த் திரும்பி, லிஃப்ட் வேலை செய்யாத அன்று பார்த்து மாடிகளை எல்லாம் ஏறி வந்து சேர்ந்தபோது வெயில் உச்சிக்கு வந்துகொண்டிருந்தது. கழுத்தில் கண்காட்சி அட்டை, கையில் அப்பா கொடுத்தனுப்பிய பொட்டலம். பிரித்தால், ஒரு கனத்த போர்வை, அதற்குள் ஒரு புத்தம்புதுத் தாழ்ப்பாள், திருகாணிகளோடு.

"இருக்கிற தாழ்ப்பாள் சரியில்லைன்னா இதை மாட்டச் சொன்னாரும்மா," என்றார் மாமா, மூச்சு வாங்கிக்கொண்டே. பிறகு, டீயைக்கூடத் தொடாமல் கடமையில் இறங்கினார். ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். தலையணையை முகர்ந்தார். மெத்தையைத் தட்டினார். கவிழ்த்து வைத்த புத்தகத்தை எடுத்து மூடி, "திறந்தபடியே போட்டா முதுகு உடைஞ்சுடும்மா," என்று அடுக்கில் வைத்தார்.

"நீ வெளிய போ. நான் உள்ளேர்ந்து தாழ்ப்பாள் போடுறேன். நல்லா தள்ளிப் பாரு."

புதுசு தள்ளினாள்.

"சாப்பிட்டியா இல்லியா? நல்லா தள்ளும்மா!"

மைக்கும் சேர்ந்து தோளைக் கொடுத்தாள். நிதானம் கொஞ்சம் யோசித்துவிட்டு வந்து சேர்ந்தபோது தள்ளி முடித்திருந்தார்கள். கதவு அசையவில்லை. "பேஷ்!" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. கட்டில் ஒரு தரம் கிறீச்சிட்டது. "முதுகை ஒரு நிமிஷம் சாய்ச்சுக்கறேன், மாடி ஏறினது..." என்ற வாக்கியம் பாதியில் நின்றது. மூன்று பேரும் கதவில் காது வைத்தார்கள். ஊருக்கும் இந்த நகரத்துக்கும் நடுவே எங்கோ தவறவிட்ட தூக்கத்தை மாமா அந்தக் கட்டிலில் கண்டுபிடித்திருந்தார். குறட்டை சீராக, வாடிக்கையாளருக்கே உரிய உரிமையோடு வந்துகொண்டிருந்தது.

டீ ஆறிப்போனது. இன்னொரு டீ போட்டார்கள். அதுவும் ஆறியது. வாசல் பூட்டில் சாவி திரும்பியது.

நர்ஸக்கா கோட்டைக்கூடக் கழற்றவில்லை. நேராகத் தன் அறைக்குப் போய்க் கைப்பிடியைத் திருகினாள். மறுபடி திருகினாள்.

"உள்ள யாரு?"

"பன்னெண்டாம் நம்பர் மாமாக்கா. தூங்கிட்டாரு."

"தாழ்ப்பாள் போட்டிருக்கு."

"செக் பண்ணாருக்கா. ரொம்ப நல்லா இருக்காம்."

நர்ஸக்கா அவளைப் பார்த்தாள். முந்தின நாள் சாயங்காலத்திலிருந்து நின்ற கால்கள். கண்ணின் கீழே முகக்கவசம் அழுத்திய கோடு. இப்போது திட்டப்போகிறாள் என்று மைக் சமையலறைப் பக்கம் நகர்ந்தாள். புதுசு பயத்தில் கதவைத் தட்டக் கையை ஓங்கினாள். நர்ஸக்கா அந்தக் கையை, ஊசி போட வாகாகப் பிடிப்பதுபோல, மணிக்கட்டில் பிடித்து இறக்கினாள்.

"விடு. தூங்குறவங்களை எழுப்பி எழுப்பி மாத்திரை குடுக்கிறதுதான் ராத்திரி பூரா என் வேலை. வீட்லயும் அதைப் பண்ண வேணாம்."

ஹால் திரையை விலக்கி, புதுசின் மெத்தையில் அப்படியே சரிந்தாள். "ஷூவையாவது கழட்டுங்கக்கா," என்று புதுசு சொல்லி முடிப்பதற்குள் அவள் தூக்கத்துக்குள் போய்விட்டிருந்தாள். திரை முழுசாக மூடவில்லை. கீழே இரண்டு கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. ஒரு பக்கமாகத் தேய்ந்த குதிகால்களோடு, வெள்ளை ஷூ.

அந்தக் கால்களைத்தான் மாமா முதலில் பார்த்தார். முகத்தில் தலையணை வரியோடு, தாழ்ப்பாளை நீக்கிக்கொண்டு, அசடு வழிய வெளியே வந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இது யாரு?"

மைக்குக்கு வாழ்க்கையில் முதல்முறையாகக் குரல் வரவில்லை. புதுசு தரையைப் பார்த்தாள். எந்தக் கேள்விக்கும் மறுநாள் பதில் சொல்லும் நிதானம், அன்று பார்த்து உடனே சொன்னாள்: "ஹால்ல ஒரு பொண்ணு படுக்கும் மாமா."

அதிலும் ஒரு பொய் கிடையாது.

"இங்கயா? எப்பவுமா?"

"வந்ததுலேர்ந்து."

மாமா கொஞ்ச நேரம் அலமாரியையும் சுவரையும் நடுவில் இருந்த இடைவெளியையும் பார்த்துக்கொண்டிருந்தார். "யாரு பெத்த பொண்ணோ," என்றார் தனக்குள். பிறகு அடிமேல் அடி வைத்து அறைக்குள் போய், தான் சற்று முன் கொண்டுவந்து கொடுத்த போர்வையை எடுத்து வந்து, திரைக்கு அடியில் கையை விட்டு, முகத்தைப் பார்க்காமல், அந்தக் கால்களின் மேல் போர்த்தினார். கொடுத்த பொருளைத் திரும்ப எடுக்கிறோமே என்று அவர் புதுசிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றியதாகவும் தெரியவில்லை.

மாடிப்படி வரை வழியனுப்பப் போனபோதுதான் வாயைத் திறந்தார்.

"உன் ரூம்ல இன்னொரு கட்டில் தாராளமாப் போடலாம்மா."

"ம்."

"அப்பாகிட்ட ரூமு நல்லா இருக்குன்னு சொல்லிடுறேன். தாழ்ப்பாளும் நல்லா இருக்கு." இரண்டு படி இறங்கினார். நின்றார். "ஒரு தடவை நான் உங்க ஊருக்கு மழையில வந்து நிக்கிறேன். லாட்ஜ் ஃபுல்லு. உங்கப்பா தன்னோட ரூம்ல என்னைப் படுக்க வெச்சுட்டு, அவரு நாற்காலியில உக்காந்திருந்தாரு. அப்ப நான் யாருன்னுகூட அவருக்குத் தெரியாது. நீ அவரு பொண்ணு. சின்னப் பொண்ணு, சொல்லக் கூடாது. சரி, வரேம்மா."

கூசிப்போய் நின்றாள் புதுசு. செய்த தப்புக்கு மாட்டிக்கொள்ளவில்லை. செய்யாத தப்புக்கு, அதுவும் தனக்கே தான் இழைத்ததாக, கையும் களவுமாக மாட்டிக்கொண்டாள். மேலே வந்து சொன்னபோது மைக் தரையில் உருண்டு சிரித்தாள். தூங்கி எழுந்த பிறகு கேட்டு நர்ஸக்காவும் கண்ணில் நீர் வரச் சிரித்தாள். புதுசும் சிரித்தாள். கடைசியாக நிதானம் சிரித்தபோது மற்றவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அன்று இரவு மெத்தையில், திரையைப் பார்த்துப் படுத்திருக்கும்போது மட்டும், அந்த ஹால் பெண்ணின் மேல் புதுசுக்குச் சின்னதாக ஒரு கோபம் வந்தது. ஒழுங்காக ஒரு ரூம் பார்த்துக்கொள்ளத் துப்பில்லை, இவளால் எனக்குக் கெட்ட பெயர்.

ஞாயிறு மதியம் நர்ஸக்கா துணி துவைக்கக் கிளம்பும்போது, "போ, உன் ரூம்ல உக்காந்து பேசு," என்று கண்ணடித்துவிட்டுப் போனாள். அங்கே லாட்ஜில் விளக்குப் போடும் நேரம். அப்பா வரவேற்பு மேசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் பலகையில் சாவிகள் தொங்கின. மேல் பித்தான் திறந்த சட்டை, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு.

"பன்னெண்டு வந்தாரு. சொன்னாரு."

"என்னப்பா சொன்னாரு?"

"ரூமு நல்லா இருக்காம்." அவர் அதற்கு 'ம்' கூடப் போடவில்லை. "அந்தப் பொண்ணு யாரு?"

"எந்தப் பொண்ணு?"

"ஹால்ல படுக்கிற பொண்ணு."

"படிக்க வந்த பொண்ணுதாம்ப்பா."

"தாழ்ப்பாள் இல்லாமயா?"

"திரை இருக்குப்பா."

"திரை!" என்றார் அப்பா. யாரோ வந்து சாவி கேட்டார்கள். திரும்பிப் பார்க்காமலே கையை நீட்டி எடுத்துக் கொடுத்தார். "சாப்பிடுதா?"

"சாப்பிடும்ப்பா."

"தூங்குதா?"

"முதல்ல வராது. இப்ப பழகிடுச்சு."

"அவ அப்பனுக்குத் தெரியுமா?"

புதுசு நர்ஸக்காவின் மேசையில் கிடந்த பேனாவின் மூடியைக் கழற்றி மறுபடி மாட்டினாள். "தெரியாது."

"ஏன் சொல்லலையாம்?"

"சொன்னா திரும்பி வரச்சொல்லிடுவாராம்."

அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த முகத்தில் ஏதாவது தெரிகிறதா என்று அவள் தேடினாள். வாசலில் வந்து நிற்கும் எந்த ஆளுக்கும் அவர் காட்டும் அதே முகம்தான் இருந்தது. "பொண்ணு வாயைத் தொறக்கவே பயப்படுற மாதிரி வளத்து வெச்சிருக்காரு பாரு, மனுஷன்," என்றார். "படிப்பு எப்படி? நல்லா படிக்குதா?"

"சுமாரா."

"அந்த இடத்துல படுத்து எந்திரிச்சு சுமாரா படிக்கிறதே பெரிசு." லாட்ஜ் டிவியில் யாரோ சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். "நீ ஏன் உன் ரூம்ல சேத்துக்கல?"

உலகத்தில் யாரிடமும் இதற்குப் பதில் இருக்க முடியாது.

"சரி விடு. அந்தப் பொண்ணு இப்ப வீட்ல இருக்குதா?"

"இருக்கு."

"போனைக் குடு. நான் பேசுறேன்."

"நீங்க என்னப்பா பேசுவீங்க?"

"உங்கப்பாகிட்ட நான் சொல்லட்டுமான்னு கேக்கறேன். பொண்ணு சொன்னா கத்துவான். இன்னொரு அப்பன் சொன்னா கொஞ்சமாவது காது குடுப்பான். நம்பர் வாங்கிக்கறேன். போ, குடு."

புதுசு எழுந்தாள். தாழ்ப்பாளை நீக்கினாள். ஹாலில் மைக் வாயில் ரொட்டியோடு புருவத்தை உயர்த்தி 'என்ன?' என்று கேட்டாள். அவளைத் தாண்டிப் போய், திரையை விலக்கி, மெத்தையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, திரையை இழுத்துவிட்டாள். வழியில் காமிராவைக் கட்டைவிரலால் மூடியிருந்தாள். அலமாரிக்கும் சுவருக்கும் நடுவில் வெளிச்சம் குறைவு. திரைக்கு அந்தப் பக்கம் மைக் ரொட்டியை மெல்வதை நிறுத்திவிட்டாள்.

"வந்துடுச்சா?" என்றது போன்.

"இதோப்பா."

அங்கே அப்பா எட்டி டிவியை அணைத்தார். கழுத்துத் துண்டை எடுத்து மேசைக்கு அடியில் வைத்தார். உள்ளங்கையால் தலையை இரண்டு பக்கமும் அழுத்திவிட்டுக்கொண்டார். நாற்காலியை மேசைக்கு நேராகத் திருப்பிப் போட்டு, யாரோ ஒருவருடைய மகளின் முன்னால் உட்கார்வதற்காக, சட்டையின் மேல் பித்தானைப் போட ஆரம்பித்தார்.

அவள் கட்டைவிரலை எடுத்தாள். போனின் மூலையில் சின்னச் சதுரமாக அவள் முகம் வந்துவிட்டது, பின்னால் திரையும் கயிறும். அப்பா இன்னும் நிமிரவில்லை. பித்தான் துளைக்குள் போகாமல் வழுக்கிக்கொண்டிருந்தது. மோவாயைக் கழுத்தோடு ஒட்டி, குனிந்து, அதையே பார்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.